தள்ளுவண்டி அடுப்படிக்கு என்ன பாத்திரம் வாங்கலாம்?



தள்ளுவண்டியில் டிபன் கடை போடக் கடன் கேட்டு வருகிற விண்ணப்பங்களைப் படிக்கும்போது ஒரு விஷயம் கண்ணில் படும். வண்டி செய்ய எவ்வளவு, அடுப்பு எவ்வளவு, முதல் வாரத்துக்கு அரிசி பருப்பு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதியிருப்பார்கள். பாத்திரம் என்று வரும்போது மட்டும் ஒரே வரிதான். 'பாத்திரங்கள்' என்று போட்டு, எதிரில் ஒரு மொத்தத் தொகை. கூட்டத்திலும் அதை யாரும் கிளறிக் கேட்பதில்லை. பாத்திரம் வாங்க நமக்குத் தெரியாதா என்ன என்ற நினைப்புதான்.

வீட்டுக்கு வாங்க நமக்குத் தெரியும், மறுக்கவில்லை. வண்டிக்கு வாங்குவது வேறு. வீட்டில் இடம் பத்தலைன்னா கட்டிலுக்கு அடியில் தள்ளலாம், பரண்மேல் ஏற்றலாம். வண்டிக்கு ஏது பரண்? ஆறடி நீளம், மூணடி அகலம், அதுதான் மொத்த அடுப்படி. அதிலேயே அடுப்பு உட்காரணும், மாவு இருக்கணும், தண்ணீர் கேன் இருக்கணும், சாப்பிட வர்றவங்க தட்டு வைக்கவும் ஓரம் வேணும். கடன் பணத்தில் ஆசையாக வாங்கின பெரிய அண்டா வண்டியில் ஏறாமல், வீட்டு மூலையில் பழைய துணி போட்டு வைக்க ஆகிவிட்டதை ஒரு வீட்டில் அல்ல, பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அண்டா மூலையில் இருக்கும், தவணை மட்டும் மாசாமாசம் ஓடும். விற்கலாம் என்று எடுத்துப் போனால் பழைய பாத்திரத்துக்குக் கடைக்காரர் எடை போட்டுச் சொல்கிற விலை நம் வயிற்றெரிச்சலைத்தான் கூட்டும்.

அதனால் வண்டிக்கு வாங்கும் ஒவ்வொரு பாத்திரத்தையும் கையில் எடுத்து ரெண்டு கேள்வி கேளுங்க. இது எத்தனை வேலை செய்யும்? வேலை இல்லாத நேரத்தில் இது எதுக்குள்ள போய் உட்காரும்? ரெண்டுக்கும் பதில் வரவில்லை என்றால், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் கடையிலேயே வைத்துவிட்டு வாங்க.

முதலில் கோலமாவு, அப்புறம் கடை

கடைக்குப் போவதற்கு முன் காசு செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. வண்டியின் மேல்பலகையை டேப் வைத்து அளந்து, அதே அளவுக்குத் தரையில் கோலமாவால் கட்டம் போடுங்க. கீழ்த்தட்டுக்கு இன்னொரு கட்டம். குழு உறுப்பினர்கள் வீட்டிலிருந்து அடுப்பு, கொப்பரை, தோசைக்கல், குண்டான் என்று இரவல் வாங்கி அந்தக் கட்டத்துக்குள் வைத்துப் பாருங்க. அடுப்பு வைத்ததுமே பாதி இடம் போய்விட்டது தெரியும். பிறகு நின்றபடி வியாபாரம் செய்கிற மாதிரி நடித்துப் பாருங்க. இட்லி எடுக்கக் குனியணுமா, சாம்பார் ஊற்றத் தோசைக்கல்லைத் தாண்டிக் கை போகுதா, சில்லறை எங்கே வைப்பீங்க? கேட்கச் சிரிப்பாக இருக்கும். கடன் தீர்மானம் எழுதுவதற்கு முன் குழுக் கூட்டத்திலேயே அரை மணி நேரம் இதைச் செய்தால் பிறகு வருத்தப்பட வேண்டியதில்லை.

இரவல் பாத்திரம் கட்டத்துக்குள் வருவதற்கு முன்னால் பலகாரத்தை முடிவு செய்துகொள்ள வேண்டும். இட்லி, தோசை, பொங்கல், பூரி, வடை, ஆம்லெட், பரோட்டா என்று எல்லாம் வைத்தால் எந்த வண்டியும் பத்தாது. பொங்கலுக்கு ஒரு குண்டான், பூரிக்கு ஒரு எண்ணெய்ச் சட்டி, பரோட்டாவுக்கு மாவு தட்ட இடம். ஒரு பலகாரம் கூடினால் ஒரு பாத்திரமாவது கூடும், அதோடு அதுக்கு ஒரு கரண்டி, ஒரு மூடி. இட்லி, தோசை, ஒரு சாம்பார், ரெண்டு சட்னி என்று ஆரம்பிப்பதுதான் என் யோசனை. சாம்பாரும் சட்னியும் வீட்டிலேயே ஆகிவிடும். வண்டியில் நடப்பது ரெண்டே வேலை, ஆவியில் வேக வைப்பது, கல்லில் சுடுவது. ரெண்டு பர்னர் அடுப்பு போதும்.

அடுக்குவது நமக்குப் புதுசா?

அமெரிக்கா மாதிரி நாடுகளில் படுக்கை, அடுப்படி எல்லாம் வைத்த வீட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு மாதக்கணக்கில் ஊர் சுற்றுகிறவர்கள் உண்டு. அந்தச் சின்ன அடுப்படிக்கு என்றே பாத்திரம் விற்கிறார்கள். ஒன்றுக்குள் ஒன்று போகும், கைப்பிடியைத் தனியாகக் கழற்றலாம். அதற்கு நல்ல விலையும் வைக்கிறார்கள். எனக்கு அதைப் படித்தபோது நம் வீட்டு இடுக்கிதான் ஞாபகம் வந்தது. பிடி இல்லாத பாத்திரம் பத்து, அத்தனைக்கும் சேர்த்து ஒரு இடுக்கி. பிடி நீட்டிக்கொண்டு இருக்கிற பாத்திரம்தான் ஒன்றுக்குள் ஒன்று போகாது. விளிம்பு மட்டும் இருக்கிற பாத்திரம் அழகாக உள்ளே போய்விடும். ஆகவே வண்டிக்கு நீளக் கைப்பிடி வைத்த எதையும் வாங்காதீங்க. நல்ல கனமான இடுக்கி ரெண்டு வாங்குங்க. ஒன்று தொலைந்தால் வியாபாரம் நிற்கக் கூடாதே!

டிபன் கேரியர், அஞ்சறைப் பெட்டி, கல்யாணச் சீரில் வரிசையாக வைக்கிற அடுக்கு எல்லாமே இடம் மிச்சம் பிடிக்கப் பிறந்தவைதான். 1910-ல் கல்கத்தாவில் இந்துமாதவ் மல்லிக் என்ற மருத்துவர் 'இக்மிக் குக்கர்' என்று ஒன்றைச் செய்தார். பெரிய உருளைக்குள் டிபன் கேரியர் மாதிரி அடுக்குகள், அடியில் கரி அடுப்பு. சோறு, பருப்பு, காய் எல்லாம் ஒரே ஆவியில் மெதுவாக வெந்துவிடும். இன்று நாம் பிரஷர் குக்கருக்குள் மூணு அடுக்கு வைக்கிறோமே, அதற்கு அண்ணன் மாதிரி. வீட்டில் சாம்பாருக்குப் பருப்பும் காயும் வேக வைக்கும்போது இந்தக் குக்கர் அடுக்கைப் பயன்படுத்தினால் வீட்டு காஸும் மிச்சம்.

இனி வண்டிக்கு வருவோம். இட்லிக் கொப்பரைதான் உங்கள் பெரிய பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்க. போகும்போதும் வரும்போதும் அதுக்குள் இட்லித் தட்டுகள், இட்லித் துணி, கரண்டிகள், சட்னித் தூக்குகள் போகணும். சாம்பார் பாத்திரம் காலியாகித் திரும்பி வரும்போது அதுக்குள் சாப்பிட்ட தட்டுகள் போகணும். கொப்பரை வேறு வேலையும் செய்யும். ஓட்டைத் தட்டு ஒன்று கூட இருந்தால் கொழுக்கட்டை, இடியாப்பம் எல்லாம் அதிலேயே. மழைக்காலச் சாயங்காலத்தில் வேர்க்கடலை, சோளக்கதிர் அவிக்கலாம். அடியில் ஒரு காசு போட்டு வைக்கிற பழக்கத்தையும் விடாதீங்க. தண்ணீர் கொதிக்கும்வரை காசு கடகடவென்று சத்தம் போடும், சத்தம் அடங்கினால் தண்ணீர் வற்றிவிட்டது. தெருவிளக்கு வெளிச்சத்தில் வியாபாரம் பண்றவங்களுக்கு இது பெரிய உதவி.

அடுக்குகிற வரிசையும் முக்கியம். இடத்துக்குப் போனதும் முதலில் எது தேவையோ அது மேலே இருக்கணும். லைட்டர், அடுப்புத் துணி, எண்ணெய்க் கிண்ணம், கல்லைத் துடைக்கிற வெங்காயம் எல்லாம் மேலே. கடைசியில் தேவைப்படுகிற மூடியும் கூடுதல் தட்டும் அடியில். இதை மாற்றி அடுக்கினால் தினமும் எல்லாவற்றையும் நடுரோட்டில் இறக்கி வைத்துவிட்டுத் தேட வேண்டியிருக்கும்.

மாவுக்கு 20 லிட்டர் பாத்திரம் ஒன்று வாங்காமல், பூட்டு மூடி வைத்த 10 லிட்டர் எவர்சில்வர் தூக்கு ரெண்டு வாங்குங்க. இருபது லிட்டர் மாவு இருபது கிலோவுக்கும் மேல், ஒரு பெண் தனியாகத் தூக்கினால் இடுப்பு போய்விடும். ஒன்று புளித்துப் போனாலும் இன்னொன்று தப்பிக்கும். முதல் தூக்கு காலியானதும் எச்சில் இலையும் குப்பையும் போடும் வாளி வேண்டுமே என்று அதையே எடுக்காதீங்க, மாவுத் தூக்கு மாவுக்கு மட்டும்தான். அதைக் கழுவி அதில் மீதிச் சட்னித் தூக்கையோ டம்ளரையோ வைக்கலாம். மாவு பொங்கும் என்பதால் இரவில் புளிக்க வைக்கும்போது முக்கால் அளவுகூட நிரப்பக் கூடாது என்று உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை.

தேங்காய்ச் சட்னியும் அப்படியே. ஒரே பெரிய தூக்கில் கொண்டுபோனால் ஒவ்வொரு தடவையும் கரண்டி போட்டுப் போட்டு சீக்கிரம் கெட்டுவிடும். சின்னத் தூக்கு மூணாகக் கொண்டுபோய், ஒன்று தீர்ந்த பிறகு அடுத்ததைத் திறங்க. சாம்பார் 60 டிகிரிக்கு மேல் சூடாகவே இருக்க வேண்டும், அதாவது கை வைத்தால் வெடுக்கென்று எடுத்துவிடுகிற சூடு. இதுக்காக மூணாவது பர்னர் வாங்க வேண்டாம். இறுக மூடுகிற ஹாட்பேக் பாத்திரம் ஒன்றும், ஆறத் தொடங்கினால் திரும்பக் கொதிக்க வைக்கிற சின்னக் குண்டான் ஒன்றும் போதும்.

டம்ளர் வாங்கும்போது ஒன்று கவனிங்க. அடியும் வாயும் ஒரே அளவாக இருக்கிற நேர் டம்ளர் ஒன்றுக்குள் ஒன்று போகாது. வாய் அகன்ற டம்ளர் இருபதையும் ஒரே கோபுரமாக அடுக்கிவிடலாம். விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது, இடத்தில் இருக்கும்.

வட்டமும் சதுரமும்

தோசைக்கல் விஷயத்தில் நம் கண் வட்டத்துக்குப் பழகிப் போச்சு. கணக்குப் போட்டுப் பாருங்க. 15 அங்குல வட்டக் கல் வண்டிமேல் 15-க்கு 15 இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அதாவது 225 சதுர அங்குலம். சுடுவதற்குக் கிடைப்பது சுமார் 177 மட்டும். நாலு மூலையும் வீண். 7 அங்குலத் தோசை அதில் ஒரே நேரத்தில் ரெண்டுதான் வரும். அதே வட்டக் கல் ரெண்டு பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 30 அங்குல நீளம் போய், நாலு தோசை. 24-க்கு 15 நீளக் கல் ஒன்று வைத்தால் மூணு மூணாக ரெண்டு வரிசை, ஆறு தோசை! இடமும் 6 அங்குலம் மிச்சம்.

ஆனால் உடனே நீளக் கல்லுக்கு ஓடிவிடாதீங்க. அதன் அடியில் ரெண்டு பர்னரோ நீள பர்னரோ எரிய வேண்டும். ரெண்டு பர்னரையும் கல்லே எடுத்துக்கொண்டால் இட்லிக்குத் தனி அடுப்பு வேண்டும். கனமும் உண்டு. அந்த அளவுக் கல் 6 மில்லி கனத்தில் இருந்தால் 11 கிலோ பக்கம், 10 மில்லி என்றால் 18 கிலோ. கனமான கல் சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கும், உண்மைதான். அதை மேட்டில் தள்ளிக்கொண்டு போகப் போறது யார் என்பதும் உண்மை. ராத்திரிக்கு முப்பது தோசை ஓடுகிற இடத்தில் வட்டக் கல்லே தாராளம். ஐம்பது அறுபதைத் தாண்டி, ஆள் காத்திருந்து திரும்பிப் போகிறார்கள் என்றால் அப்போது நீளக் கல் யோசிக்கலாம்.

மசாலா, சர்க்கரை, உப்பு வைக்கிற டப்பாவுக்கும் இதே கணக்குதான். வட்ட டப்பா நாலைச் சேர்த்து வைத்தால் நடுவில் ஒரு பொந்து. சதுர டப்பா ஒட்டி உட்காரும், வண்டி குலுங்கும்போது உருளாது.

எடையைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. கனமானதெல்லாம் கீழ்த்தட்டில், சக்கர அச்சுக்குப் பக்கத்தில் வரணும். கொப்பரையை மேல்பலகையில் உயரமான அடுப்பில் வைத்தால் மூடி திறக்கும்போது ஆவி நேராக முகத்துக்கும் கைக்கும் வரும். கொப்பரையின் வாய் உங்கள் முழங்கைக்குக் கீழே இருக்கிற மாதிரி அந்தப் பக்கப் பலகையைத் தாழ்வாக வைக்கச் சொல்லி வண்டி செய்கிறவரிடம் முதலிலேயே சொல்லுங்க. வண்டி முடிந்த பிறகு சொன்னால் தனிக் கூலி.

அலுமினியமா, எவர்சில்வரா?

எல்லாமே எவர்சில்வரில் வேண்டும் என்று இல்லை. வெறும் தண்ணீர் கொதிக்கிற கொப்பரை அலுமினியத்தில் இருக்கலாம், லேசாகவும் இருக்கும், சீக்கிரம் சூடாகும். புளி, தக்காளி, உப்பு சேர்கிற சாம்பாரும் சட்னியும் மாவும் அலுமினியத்தில் மணிக்கணக்கில் இருக்கக் கூடாது, புளிப்பு அலுமினியத்தை அரித்துவிடும். அவற்றுக்கு எவர்சில்வர்தான். கடையில் காந்தத்தை வைத்துக் காட்டி, "ஒட்டலை பாருங்கம்மா, உசந்த சரக்கு" என்பார்கள். காந்தம் ஒட்டாத எவர்சில்வரிலேயே 304 என்றும் 202 என்றும் ரகம் இருக்கிறது. 202 விலை குறைவு, உப்பும் ஈரமும் பட்டால் துரு சீக்கிரம் வரும். காந்தத்துக்கு இந்த ரெண்டும் ஒன்றுதான். எடைக்கு விலை பேசும்போது ரகத்தையும் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்க. சாம்பார் பாத்திரத்துக்கு 304 கேட்பது வீண் செலவு இல்லை. தட்டுக்கு அது அவசியமில்லை.

தட்டில் வாழையிலைத் துண்டோ மந்தாரை இலையோ வைத்துக் கொடுத்தால் கழுவுகிற தண்ணீர் பெருமளவு மிச்சம், 24 தட்டிலேயே ராத்திரி வியாபாரம் ஓடிவிடும். தட்டுமேல் போடுகிற பிளாஸ்டிக் தாளும் பிளாஸ்டிக் பூசின காகிதத் தட்டும் நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை, அபராதம் கட்டிவிட்டு இலைக்கு வருவதைவிட முதலிலேயே இலைக்கு வந்துவிடலாம்.

இடம் மிச்சம் பிடிக்கக் கூடாத ஒரே இடம்

இதுவரை ஒன்றுக்குள் ஒன்று, ஒன்றுமேல் ஒன்று என்று சொல்லிக்கொண்டே வந்தேன். காஸ் சிலிண்டர் இருக்கிற இடத்தில் மட்டும் அந்தப் பேச்சே கூடாது.

சமையல் காஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, இறங்கித் தரையோடு படுத்துக்கொள்ளும். வண்டியின் கீழ்த்தட்டை நாலு பக்கமும் தகரம் அடித்துப் பெட்டி மாதிரி மூடி, அதுக்குள் சிலிண்டர், சிலிண்டரைச் சுற்றிப் பாத்திரம், பாத்திரத்துக்குமேல் கோணிப்பை என்று திணித்து வைத்தால், கசிந்த காஸ் வெளியேற வழியே இல்லை. ஒரு பொறி போதும். ஆகவே சிலிண்டர் அறையின் அடிப்பகுதி திறந்தே இருக்கட்டும், கம்பி வலை அடித்தால் போதும். சிலிண்டர் நிமிர்ந்து நிற்கணும், படுக்க வைக்கக் கூடாது. அதன்மேல் எதையும் அடுக்கக் கூடாது. ரெகுலேட்டர் குமிழ் சட்டென்று கைக்கு எட்டணும், நடுவில் தூக்கோ வாளியோ நிற்கக் கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள டியூப் போடுங்க. 5 வருஷத்துக்கு ஒரு தடவை டியூபை மாற்றச் சொல்கிறார்கள். வண்டியில் வெயிலும் குலுக்கலும் அதிகம், அதனால் விரிசல் கண்டால் அன்றே மாற்றிவிடுங்க. காஸ் வாசனை வந்தால் குமிழை மூடிவிட்டு, ஆட்களை விலக்கிவிட்டு, தள்ளி நின்று 1906 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்க.

வீட்டு 14.2 கிலோ சிலிண்டரைக் கடைக்கு எடுத்துப் போவது சட்டப்படி குற்றம். பிடித்தால் சிலிண்டரும் போகும், வழக்கும் வரும். வியாபாரத்துக்கு 19 கிலோ சிலிண்டர் இருக்கிறது, ஆனால் இரும்பும் சேர்த்தால் 35 கிலோ பக்கம் வரும். நம் மாதிரிச் சின்ன வண்டிக்கு 5 கிலோ சிலிண்டர் தோதானது. முகவரிச் சான்று இல்லாமல் அடையாள அட்டையை மட்டும் காட்டி ஏஜென்சியிலும் சில பெட்ரோல் பங்க்குகளிலும் வாங்கலாம். கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் விலை கொஞ்சம் கூடத் தெரியலாம், இடமும் இடுப்பும் மிச்சமாவதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்க. இந்தச் செலவைக் கடன் விண்ணப்பத்தில் தனி வரியாகவே எழுதுங்க, பாத்திரத்தோடு கலக்க வேண்டாம்.

ரெண்டு தவணையாக வாங்குங்க

கடன் கைக்கு வந்ததும் முழுப் பணத்துக்கும் பாத்திரம் வாங்கிவிடத் தோன்றும். ஊக்குநர்களும் இதில் கொஞ்சம் கண்டிப்பாக இருக்கலாம். முதல் பத்து நாளைக்கு வாடகைப் பாத்திரக் கடையில் கொப்பரை, குண்டான், தட்டு எடுத்து ஓட்டிப் பாருங்க. இல்லையென்றால் வீட்டில் இருப்பதை வைத்தே சின்ன அளவில் ஆரம்பிங்க. தினமும் எத்தனை இட்லி போச்சு, எத்தனை தோசை போச்சு, எந்தப் பாத்திரம் இல்லாமல் கஷ்டப்பட்டீங்க, எதை ஒரு தடவைகூடத் தொடவில்லை என்று குழு நோட்டிலேயே நாலு வரி எழுதி வையுங்க. பத்தாம் நாள் அந்த நோட்டைப் பார்த்தால் வாங்க வேண்டியது என்னவென்று அதிலேயே இருக்கும்.

முதல் தவணையில் அடுப்பு, 5 கிலோ சிலிண்டர், கொப்பரை, தோசைக்கல், மாவுத் தூக்கு ரெண்டு, சாம்பாருக்கு ஹாட்பேக், இடுக்கி. மற்றதெல்லாம் ஒரு மாதம் கழித்து, வந்த வருமானத்தைப் பார்த்து. மீதிக் கடன் பணம் சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும், மழை நாலு நாள் விடாமல் பெய்தால் தவணை கட்ட உதவும்.

ஏற்கனவே வண்டிக் கடை நடத்துகிற உறுப்பினர்கள் தங்கள் வண்டியின் நீள அகலத்தையும், என்னென்ன பாத்திரம் எந்த அளவில் வைத்திருக்கிறீங்க என்பதையும், வாங்கி வீணாகப் போனது எது என்பதையும் ஒரு தாளில் எழுதி, அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும் பிரதிநிதியிடம் கொடுத்தனுப்புங்க. புதிதாகக் கடன் கேட்டிருக்கிற உறுப்பினர்கள் கோலமாவுக் கட்டம் போடும்போது அந்தத் தாள்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.